குளிரில் தூங்குமா இந்த பாஸ்? ஒரு மீனுக்காகவே வாழ்ந்த டாக்டர் ஹென்ஷாலின் கதை

பிப்ரவரி 29-ல் பிறந்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நாலு வருஷத்துக்கு ஒரு முறைதான் தேதி பார்த்து கேக் வெட்ட முடியும். 1836-ம் ஆண்டு அந்தத் தேதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் பிறந்தவர் ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் ஹென்ஷால். 89 வயது வரை வாழ்ந்தவருக்கு காலண்டரில் வந்த நிஜப் பிறந்தநாட்கள் 21 மட்டும்தான். 1900 லீப் வருஷம் இல்லை என்பதால், 1896-க்குப் பிறகு 1904 வரை 8 வருஷம் பிறந்தநாளே இல்லாமல் ஓட்டியிருக்கிறார் மனுஷன்!

படித்தது மருத்துவம். பேர் வாங்கியது மீனில். அதுவும் முக்கியமாக ஒரே ஒரு மீனில். அந்த மீனின் பெயர், பாஸ். ஆமாம் பாஸ், பெயரே அதுதான்!

இன்றைக்கு அமெரிக்காவில் பாஸ் மீன்பிடிப்பு என்பது டி.வி நிகழ்ச்சி, ஸ்பான்சர், பரிசுப் பணம், விலை உயர்ந்த படகு என்று ஓடுகிற பெரிய உலகம். ஆனால், 150 வருஷத்துக்கு முன்பு இந்த மீனுக்கு அங்கே பெரிய மரியாதை இல்லை. சரியான பெயர்கூட இல்லை. அந்த மரியாதையை வாங்கித் தந்தவர்களில் முதல் ஆள் டாக்டர் ஹென்ஷால். இத்தனை தெரிந்த அவரே பாதி மட்டும் சரியாகச் சொன்ன ஒரு விஷயம் உண்டு. உறைய வைக்கும் குளிரில் இந்த மீன் என்ன செய்யும் என்பதுதான் அது.

யார் இந்த பாஸ்?

பாஸ் என்ற பெயரில் உலகத்தில் நிறைய மீன்கள் உண்டு. ஹென்ஷாலின் ஆள், வட அமெரிக்காவின் நன்னீரில் வாழும் பிளாக் பாஸ். அதில் முக்கியமாக ரெண்டு வகை. ஒன்று லார்ஜ்மவுத், அதாவது பெரிய வாய். இன்னொன்று ஸ்மால்மவுத், சின்ன வாய். அடையாளம் கண்டுபிடிப்பது ஈஸி. மீன் வாயை மூடியிருக்கும்போது மேல்தாடை கண்ணுக்கு நேர் கீழேயே முடிந்துவிட்டால் ஸ்மால்மவுத். கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் லார்ஜ்மவுத்.

பழக்கவழக்கமும் வேறு வேறு. லார்ஜ்மவுத்துக்கு வெதுவெதுப்பான, செடிகொடி மண்டிய, ஓட்டமில்லாத தண்ணீர் பிடிக்கும். ஸ்மால்மவுத்துக்கோ பாறையும் கூழாங்கல்லும் கிடக்கிற, தெளிந்த, சில்லென்ற தண்ணீர் வேண்டும். ஓஹியோ, டென்னஸி ஆறுகள், மிசிசிப்பியின் மேல்பகுதி, கனடா எல்லையில் இருக்கும் பெரிய ஏரிகள் எல்லாம் அதன் சொந்த ஊர். வெண்கல நிறம், பக்கவாட்டில் செங்குத்தான பட்டைகள், பல சமயம் சிவந்த கண். பொதுவாக ஒரு கிலோ, ஒன்றரை கிலோ மீன் கிடைத்தாலே செல்ஃபி எடுக்கிற அளவுக்கு சந்தோஷம். 1955-ல் டேல் ஹாலோ என்ற ஏரியில் பிடிபட்ட 11 பவுண்டு 15 அவுன்ஸ் மீன்தான் உலக சாதனை. நம் கணக்கில் சுமார் 5.4 கிலோ.

எடை குறைவுதான். ஆனால் முள்ளில் மாட்டிவிட்டால் தண்ணீரை விட்டு எகிறிக் குதிக்கும். பாறைக்கு அடியில் பாயும். கடைசி நிமிஷம் வரை விட்டுக்கொடுக்காது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வசந்த காலத்தில் தண்ணீர் 15 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, ஆண் மீன் கூழாங்கல் தரையை வாலால் கூட்டிப் பெருக்கி கூடு கட்டும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காவல் டூட்டி முழுக்க அப்பாவுக்குத்தான். நம்ம ஊர் விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்குமே, கிட்டத்தட்ட அதே மாதிரி.

ஒடிந்த துடுப்பும் ஒட்டிக்கொண்ட பெயரும்

இந்த மீனுக்கு அறிவியல் பெயர் கிடைத்த கதை ஒரு காமெடி. 1802-ல் பிரான்ஸ் விஞ்ஞானி லாசெபெட் கைக்கு ஒரு ஸ்மால்மவுத் வந்தது. முதுகுத் துடுப்பின் பின்பகுதி எப்போதோ சேதமாகி, கடைசியில் ஒரு துண்டு மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. அதை அவர் இயற்கையான சின்னத் துடுப்பு என்று நினைத்துவிட்டார். அதனால் மைக்ரோப்டெரஸ் என்று பெயர் வைத்தார். அர்த்தம், சின்னத் துடுப்பு! கூடவே தன் நண்பரான டொலொமியூ என்ற பாறையியல் அறிஞரின் பெயரையும் சேர்த்தார். டோலமைட் என்ற கனிமத்துக்குப் பெயர் தந்த அதே மனிதர்தான். ஒடிந்த துடுப்பும், மீனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நண்பரும் சேர்ந்து மைக்ரோப்டெரஸ் டொலொமியூ ஆனது. இன்றைக்கும் அதுதான் பெயர்.

மக்கள் வைத்த பெயர்கள் இன்னும் குழப்பம். தென் மாநிலங்களில் பாஸை டிரவுட் என்றார்கள். டிரவுட் என்பதோ முற்றிலும் வேறு குடும்பத்து மீன். இன்னும் சில இடங்களில் ஜம்பர், கிரீன் பாஸ் என்றெல்லாம் ஊருக்கு ஒரு பெயர். விஞ்ஞானிகளும் சும்மா இல்லை. ஒரே மீனுக்கு ஆளாளுக்கு ஒரு லத்தீன் பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். ஒருத்தர் எழுதும் மீனைத்தான் இன்னொருத்தரும் எழுதுகிறாரா என்பதே தெரியாத நிலை.

இந்தச் சிக்கலை உட்கார்ந்து பிரிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

ஸ்டெதாஸ்கோப்பும் தூண்டிலும்

ஹென்ஷால் இளம் வயதிலேயே ஓஹியோ ஆற்றங்கரையில் இருக்கும் சின்சினாட்டி நகரத்துக்கு வந்துவிட்டார். அங்கேயே மருத்துவம் படித்தார். பிறகு பக்கத்து மாநிலமான கென்டக்கியில், சிந்தியானா என்ற சின்ன ஊரில் டாக்டராக வேலை பார்த்தார். அந்த ஊரை ஒட்டி ஓடுவது லிக்கிங் ஆற்றின் கிளை. பாஸ் துள்ளும் ஆறு அது.

கென்டக்கிக்கு அவர் போய்ச் சேர்ந்ததில் ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. அமெரிக்க பாஸ் மீன்பிடிப்பின் கருவிகள் வளர்ந்ததே அந்த மண்ணில்தான். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே பாரிஸ் என்ற சிற்றூரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரம் செய்பவர் இருந்தார். கடிகாரத்துக்குப் பல்சக்கரம் செய்கிற அதே கை, தூண்டிலுக்கு ஒரு ரீல் செய்தது. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உள்ளே இருக்கும் உருளை பல சுற்று சுற்றும். நரம்பு சரசரவென ஓடும், சட்டென்று திரும்பும். அவருக்குப் பின்னால் வந்த கென்டக்கி கடிகாரக்காரர்களும் இந்த ரீலை இன்னும் மெருகேற்றினார்கள்.

ஆனால் ரீலுக்கு ஈடான கழி இல்லை. நீளமான, கனமான கழிகளைத்தான் தூக்கி வீசிக்கொண்டிருந்தார்கள். ஹென்ஷால் 1870-களில் 8 அடி 3 அங்குல நீளத்தில், ஒரு கையால் வீசக்கூடிய இலகுவான கழி ஒன்றை வடிவமைத்து, அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். ஹென்ஷால் ராட் என்ற பெயரிலேயே அது கடைகளில் விற்பனைக்கு வந்தது. தன் பெயரில் ஒரு ப்ராடக்ட்! இந்தக் காலத்து இன்ஃப்ளூயன்ஸர்கள் பார்த்துப் பொறாமைப்படலாம்.

இடையில் விஸ்கான்சின் மாநிலத்தில், ஓகோனோமோவோக் என்ற ஊரிலும் டாக்டராக இருந்தார். ஊர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மீன் தப்பித்துவிடும். சுற்றிலும் ஏரிகள். பாஸுக்குப் பஞ்சமே இல்லை.

1881: ஒரு மீனுக்கு ஒரு புத்தகம்

அந்தக் காலத்து அமெரிக்காவில் மீன்பிடிப்பதிலும் சாதி மாதிரி ஒரு ஏற்றத்தாழ்வு இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த பழக்கம் அது. சால்மனும் டிரவுட்டும் கனவான்களின் மீன். இறகால் கட்டிய பூச்சியை வீசி அதைப் பிடிப்பதுதான் கலை. பாஸ் என்பது ஊர்ப்பையன்கள் ஓடைக்கரையில் பிடிக்கும் மீன். அதற்கெல்லாம் புத்தகமா என்ற மனநிலை.

1881-ல், 45 வயதில், ஹென்ஷால் தன் பிளாக் பாஸ் புத்தகத்தை சின்சினாட்டியில் வெளியிட்டார். முழுக்க முழுக்க ஒரு மீனைப் பற்றி. முதல் பகுதி அறிவியல். எந்தப் பெயர் எந்த மீனுக்கு, யார் எப்போது தப்பு செய்தார்கள், எங்கே வாழ்கிறது, எப்படி இனப்பெருக்கம் செய்கிறது எல்லாம் அதில். ரெண்டாம் பகுதி கருவிகள். கழி, ரீல், நரம்பு, முள் என்று ஒவ்வொன்றையும் பிரித்து மேய்ந்திருந்தார். மூன்றாம் பகுதி பிடிக்கும் முறை. ஆறு, ஏரி, இரை, பூச்சி என எல்லாம்.

அவர் வைத்த வாதம் நேரடியானது. எடைக்கு எடை, நீளத்துக்கு நீளம் ஒப்பிட்டால், முள்ளில் மாட்டிய பின் போராடுவதில் பாஸை மிஞ்ச வேறு மீன் இல்லை. கனவான் மீன்களுக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அவரைப் பார்த்துத்தான் பாஸ் பிடிப்பவர்களுக்கு, நாம் செய்வதும் ஒரு கலைதான் என்ற தைரியம் வந்தது. புத்தகத்துக்கு வந்த வரவேற்பில் 1889-ல் அதன் தொடர்ச்சியாக இன்னொரு புத்தகமும் எழுதினார்.

அதில் ஒரு கசப்பான கணிப்பும் இருந்தது. காடுகளை வெட்டிக்கொண்டே போகிறார்கள். நிழல் போனால் ஓடை சூடாகும். சுத்தமான குளிர்ந்த ஓடையில் மட்டும் வாழும் டிரவுட் அந்த இடங்களில் காணாமல் போகும். அங்கே தாக்குப்பிடித்து நிற்கப்போவது பாஸ்தான் என்றார். மரம் வெட்டும் கோடாரிக்கும் ஆற்றில் இருக்கும் மீனுக்கும் உள்ள தொடர்பை 1881-லேயே எழுதிய டாக்டர் அவர்.

ரயிலேறிப் போன மீன்

ஸ்மால்மவுத் எப்படி ஊர் ஊராகப் பரவியது என்பதும் ஹென்ஷால் எழுதி வைத்த கதைகளில் ஒன்று. அப்பலேச்சியன் மலைத்தொடருக்குக் கிழக்கே ஓடும் ஆறுகளில் இந்த மீன் இயற்கையில் கிடையாது. வாஷிங்டன் நகரத்தைத் தொட்டு ஓடும் பொடோமாக் ஆற்றிலும் இல்லை.

1854-ல் வில்லியம் ஷ்ரைவர் என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. நீராவி ரயில் எஞ்சினுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்குமே, அதில் துளை போட்ட வாளியைத் தொங்கவிட்டு, அதற்குள் ஓஹியோ பக்கத்து பாஸ் மீன்களைப் போட்டுக்கொண்டு மலையைத் தாண்டினார். கம்பர்லேண்ட் என்ற ஊரில் கால்வாயில் விட்டார். அங்கிருந்து பொடோமாக் ஆற்றுக்குப் போன மீன்கள் சில வருஷங்களிலேயே ஆறு முழுக்கப் பரவிவிட்டன. டிக்கெட் இல்லாப் பயணம்!

அந்தக் காலத்தில் எல்லோரும் இதைச் சாதனையாகத்தான் பார்த்தார்கள். ஹென்ஷாலும் அப்படித்தான். புது ஆற்றில் பாஸை விடுவது நல்ல காரியம் என்ற கட்சி அவர். அதன் விலை என்ன என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்கு வருவோம்.

குளிர் வந்தால் எங்கே போகிறது?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். வட அமெரிக்காவின் குளிர்காலம் நம் மார்கழி மாதிரி இல்லை. ஏரியின் மேல்பரப்பு உறைந்து, அதன் மேல் ஆட்கள் நடக்கிற அளவுக்குக் குளிர். கோடை முழுக்க எகிறிக் குதித்த ஸ்மால்மவுத், இலையுதிர்காலம் முடிந்ததும் காணாமல் போய்விடும். தூண்டில் போட்டாலும் கடிக்காது.

வடக்கு நீர்நிலைகளில் இந்த மீன் குளிர்காலம் முழுக்க ஒருவித உறக்கத்தில் கிடக்கிறது என்பது ஹென்ஷாலின் முடிவு. அதற்கு ஆதாரமாகத் தெற்கைக் காட்டினார். 1878-க்குப் பிறகு ரெண்டு குளிர்காலங்களை அவர் ஃபுளோரிடாவின் கரையோரம் படகில் சுற்றிக் கழித்தவர். அந்தப் பயணங்களைப் பற்றி 1884-ல் தனிப் புத்தகமே எழுதினார். அங்கே டிசம்பர், ஜனவரியிலும் பாஸ் சுறுசுறுப்பாக இரை தேடியது. ஆக, தூங்க வைப்பது மாதமல்ல, குளிர்தான் என்பது அவர் கணக்கு.

கணக்கில் பாதி சரி. மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீரின் வெப்பம் என்னவோ, அதுதான் அதன் உடம்பின் வெப்பமும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் ஸ்மால்மவுத்தின் உடல் இயக்கமே மெதுவாகிவிடும். கோடையில் சீக்கிரம் செரிக்கும் ஒரு சின்ன மீன், குளிரில் செரிக்கப் பல நாள் ஆகும். பசி குறைந்துவிடும். ஓடையில் வாழும் மீன்கள் பாறை இடுக்குகளுக்குள் புகுந்துகொள்வதைப் பிற்கால ஆய்வாளர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் டாக்டர் சொன்னது பெரிய தப்பில்லை.

ஆனால் அது உண்மையான தூக்கமில்லை. கரடி மாதிரி ஒரேயடியாகப் படுத்துவிடுவதில்லை. ஆற்றின் வேகமான பகுதியை விட்டு, ஆழமான, ஓட்டம் குறைந்த மடுவுக்கு நகர்ந்துவிடும். அதற்காகப் பல கிலோமீட்டர் பயணம் செய்யும் மீன்கள் உண்டு. உடம்பில் சின்ன ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில் இது தெரிந்தது. ஏரியில் இன்னொரு வசதி இருக்கிறது. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகபட்ச அடர்த்தியோடு இருக்கும். அதனால் மேலே பனிக்கட்டி மூடியிருந்தாலும், ஆழத்தில் 4 டிகிரி தண்ணீர் தேங்கி நிற்கும். நமக்கு அது ஃப்ரிட்ஜ் தண்ணீர். மீனுக்கு அது கம்பளி.

அந்த மடுவில் மீன்கள் கூட்டமாக, கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். கண் திறந்திருக்கும். விழித்துத்தான் இருக்கும். இரை மூக்குக்குப் பக்கத்திலேயே, அவசரமில்லாமல் வந்தால், வாயைத் திறக்கும். ஹென்ஷால் காலத்தில் ஆழம் காட்டும் மின்னணுக் கருவி இல்லை. நீருக்கடியில் படம் பிடிக்கும் கேமரா இல்லை. கடிக்காத மீனைத் தூங்கும் மீன் என்று முடிவு செய்ததில் ஆச்சரியமில்லை.

இந்தக் குளிர்காலம்தான் ஸ்மால்மவுத்தின் தலையெழுத்தையும் தீர்மானிக்கிறது. வசந்தத்தில் பிறந்த குஞ்சு, முதல் பனிக்காலம் வருவதற்குள் போதுமான அளவு வளர்ந்து, உடம்பில் கொழுப்பு சேர்த்திருக்க வேண்டும். குளிர் மாதங்களில் அது பெரும்பாலும் பட்டினிதான். கொழுப்பு தீர்ந்தால் கதை முடிந்தது. வடக்கே போகப்போக கோடை சின்னதாகி, குளிர்காலம் நீளமாகும். ஒரு எல்லைக்கு மேல் குஞ்சுகளால் தாக்குப்பிடிக்க முடியாது. ஸ்மால்மவுத்தின் வடக்கு எல்லையை வரைந்ததே முதல் வருஷக் குளிர்தான்.

உறையும் தண்ணீரில் ஒரு தக்கை

இன்றைக்கு டென்னஸி, கென்டக்கி, விர்ஜீனியா பக்கம் ஸ்மால்மவுத் பிரியர்களுக்கு ஜனவரி, பிப்ரவரிதான் சீஸன். காரணம், பெரிய மீன்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருக்கும். ஆனால் கோடைக்கால வித்தை எதுவும் செல்லாது.

முதல் விதி, மெதுவாக. இன்னும் மெதுவாக. கோடையில் வேகமாக இழுக்கும் செயற்கை இரையை, குளிரில் தரையோடு நத்தை மாதிரி நகர்த்த வேண்டும். நிறுத்தி, எண்ணி, திரும்ப ஒரு அங்குலம்.

ரெண்டாவது, நேரம். அதிகாலை எழுந்து ஓட வேண்டாம். மதியத்துக்குப் பிறகு வெயில் பட்ட பாறைப் பக்கம் தண்ணீர் ஒரு டிகிரி கூடினாலே மீன் கொஞ்சம் உற்சாகமாகும்.

மூன்றாவது, கிழக்கு டென்னஸியின் ஆழமான, தெளிந்த நீர்த்தேக்கங்களில் உருவான ஒரு முறை. ஒரு தக்கை. அதற்குக் கீழே சுமார் 3 மீட்டர் ஆழத்தில், ரெண்டு கிராம் எடைகூட இல்லாத, இறகோ முடியோ கட்டிய ஒரு சின்ன முள். அந்தப் பகுதியில் ஷாட் என்ற சின்ன மீன்கள் குளிர் தாங்காமல் மயங்கித் தண்ணீரில் தொங்கும். தக்கையின் கீழே லேசாக ஆடும் முள், பார்க்க அப்படியே இருக்கும். துரத்த வேண்டியதில்லை, கஷ்டப்பட வேண்டியதில்லை. இந்த நேரத்தில் ஸ்மால்மவுத்துக்கு வேண்டியது அதுதான்.

இதில் ஒரு சுவாரஸ்யம். அவ்வளவு நீள நரம்பைத் தக்கையோடு வீச 9 அடி, அதற்கும் மேல் நீளமான கழி வேண்டும். ஹென்ஷால் பாடுபட்டுக் குறைத்த நீளத்தைக் குளிர்காலம் திரும்பவும் கூட்டிவிட்டது!

இதெல்லாம் ஜாலியாகத் தெரிந்தாலும் உயிர் விஷயம். அந்தக் குளிரில் படகிலிருந்து தவறி விழுந்தால், முதல் ஒரு நிமிஷம் மூச்சைக் கட்டுப்படுத்தவே முடியாது. அடுத்த 10 நிமிஷத்துக்குள் கைகால்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகும். நீச்சல் சாம்பியனாக இருந்தாலும் இதுதான் கணக்கு. அதனால் லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரும் குளிர்காலத்தில் படகேறக் கூடாது என்பது அங்கே பாலபாடம்.

பனி மலையில் ஒரு குஞ்சு பொரிப்பகம்

1893-ல் சிகாகோவில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. அதில் தூண்டில் மீன்பிடிப்புக்கான பிரிவை ஹென்ஷாலிடம் கொடுத்தார்கள். ஊர்ப்பையன்களின் மீனுக்காக வாதாடியவர், உலகமே பார்க்கிற மேடையில் மீன்பிடிப்பின் முகமாக நின்றார்.

அதற்குப் பிறகுதான் வாழ்க்கையின் பெரிய திருப்பம். 60 வயதில் பெரும்பாலானவர்கள் ஓய்வைப் பற்றி யோசிப்பார்கள். இவர் அந்த வயதை ஒட்டி மேற்கே, மொன்டானாவின் பனி மலைகளுக்குப் போனார். போஸ்மன் என்ற ஊரில் அமெரிக்க அரசின் மீன் குஞ்சு பொரிப்பகத்துக்குக் கண்காணிப்பாளர். 1909 வரை அங்கேதான்.

அங்கே அவர் கையில் எடுத்தது கிரேலிங் என்ற மீன். டிரவுட்டுக்குச் சொந்தம். முதுகில் பாய்மரம் மாதிரி பெரிய துடுப்பு. குளிர்ந்த நீரில் மட்டும் வாழும். மிச்சிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலும் மிதமிஞ்சிய மீன்பிடிப்பும் சேர்ந்து இந்த மீனைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. முட்டை எடுத்து, கருத்தரிக்க வைத்து, குஞ்சு பொரிக்க வைப்பது சிரமமான வேலை. டிரவுட் முட்டையைவிடச் சின்னது. டிரவுட் முட்டை பல வாரம் எடுத்துக்கொள்ளும்போது, இது ரெண்டு வாரத்துக்குள்ளேயே பொரிந்துவிடும். வெளியே வரும் குஞ்சு கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு பொடிசு. டிரவுட்டுக்குச் செய்ததையே இதற்கும் செய்தால் எல்லாம் செத்துப்போகும். ஹென்ஷால் பொறுமையாக இதற்கென்று தனி முறையைக் கண்டுபிடித்து, பெரிய அளவில் கிரேலிங் குஞ்சுகளை வளர்த்துக் காட்டினார். பாஸ்தான் அவருக்குக் காதல். ஆனால் அழிந்துகொண்டிருந்த ஒரு மீனுக்கும் வைத்தியம் பார்த்தார்.

1909-ல் 73 வயது. ரிட்டயர் ஆனாரா? இல்லை. பனியை விட்டுவிட்டு தெற்கே மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ ஊருக்கு மாறினார். பிற்காலத்தில் எல்விஸ் பிரெஸ்லி பிறந்த அதே ஊர். அங்கே வெப்பநீர் மீன்களுக்கான அரசுப் பொரிப்பகம். அதாவது, திரும்பவும் பாஸ்! 1917 வரை, 81 வயது வரை வேலை பார்த்தார்.

கதையின் இன்னொரு பக்கம்

ஹென்ஷாலை நாயகனாக மட்டும் பார்த்தால் கதை முழுமையாகாது. பாஸுக்குக் கிடைத்த புகழ்தான், அதை உலகம் முழுக்கக் கொண்டுபோய் விடுகிற ஆசையையும் கிளப்பியது. ரயில் வாளியில் தொடங்கியது கப்பல் வரை போனது. தென்னாப்பிரிக்காவில் 1930-களில் ஸ்மால்மவுத்தைக் கொண்டுபோய் விட்டார்கள். கேப் பகுதியின் சின்ன ஓடைகளில் இருந்த உள்ளூர் மீன்களுக்கு இப்படி ஒரு வேட்டைக்காரனைப் பார்த்த பழக்கமே இல்லை. பாஸ் ஏறிய ஓடைகளில் அவை வரிசையாகக் காணாமல் போயின.

ரொண்டகாட் என்ற ஓடையில் 2012, 2013 ஆண்டுகளில் மருந்து போட்டு ஸ்மால்மவுத்தை முழுசாக அகற்றினார்கள். மேல்பகுதியில் தப்பிப் பிழைத்திருந்த உள்ளூர் மீன்கள் கீழே இறங்கி வந்தன. ஓடை திரும்பவும் நிறைந்தது. ஒரு ஊரின் பெருமை இன்னொரு ஊரின் சாபம் ஆகலாம் என்பதற்கு இது ஒரு உதாரணம். தவறு மீனிடம் இல்லை. அதை வாளியில் தூக்கிக்கொண்டு போன நம்மிடம்தான். ஹென்ஷால் காலத்தில் இந்த ஆபத்தைக் கண்டுகொண்டவர்கள் குறைவு. அவரும் அதில் விதிவிலக்கு இல்லை.

மிச்சம் இருப்பது

1925-ல் சின்சினாட்டியில் ஹென்ஷால் காலமானார். எந்த நகரத்தில் மருத்துவம் படித்தாரோ, எந்த நகரத்தில் அந்தப் புத்தகம் அச்சானதோ, அதே ஊரில்.

அவர் வடிவமைத்த கழியை இன்று சேகரிப்பாளர்கள் மட்டும்தான் தேடுகிறார்கள். குளிர்கால உறக்கம் பற்றி அவர் சொன்னதைப் பிற்காலம் திருத்திவிட்டது. ஆனால், யாரும் மதிக்காத ஒரு மீனை உட்கார்ந்து கவனித்து, அதன் தாடையை அளந்து, பெயரைச் சரிசெய்து, கூட்டை எட்டிப் பார்த்து, இது படிக்க வேண்டிய உயிர் என்று சொன்னாரே, அது நிற்கிறது. அவரைத் திருத்தியவர்களும் அவர் தொடங்கி வைத்த அதே வேலையைச் செய்துதான் திருத்தினார்கள்.

குளிர்காலத்தில் ஸ்மால்மவுத் பிடிப்பவர்களில் பலர் மீனை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. காரணம் எளிது. இந்த மீன் மெதுவாகத்தான் வளரும். ரெண்டு கிலோவைத் தொட்ட ஒரு மீனுக்குப் பத்து வயதுகூட இருக்கலாம். எல்லாம் ஒரே மடுவில் கூடி நிற்கும்போது நாலு பேர் நாலு நாள் பிடித்தால், ஆற்றின் அந்தப் பகுதியே காலி. ரொம்ப ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுத்தால் உள்ளே இருக்கும் காற்றுப்பை உப்பி மீன் செத்தும் போகும். அதனால் 10 மீட்டருக்குக் கீழே இருக்கும் மீனைத் தொந்தரவு செய்யாமல் விடுவது நல்லது என்கிறார்கள் அனுபவசாலிகள்.

முள்ளைக் கழற்றி, ஈரக் கையில் ரெண்டு நொடி பிடித்து, ஒரு போட்டோ எடுத்துவிட்டு, தண்ணீருக்குள் மெதுவாக விடுகிறார்கள். அது ஒரு அவசரமும் இல்லாமல் வாலை ஒரு முறை ஆட்டி, கீழே இருட்டுக்குள் இறங்கிப்போகிறது. வசந்தம் வர இன்னும் ரெண்டு மாசம் இருக்கிறது. வந்ததும், அது ஆணாக இருந்தால், கூழாங்கல்லைக் கூட்டிப் பெருக்குகிற வேலை காத்திருக்கிறது பாஸ்!